அண்ணாச்சிக்கு அரைக்கட்டை

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரத்தில் இறங்காது. என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். எங்கள் பாத்திரக் கடைக்குச் சரக்குப் போடுகிறவர்களுக்கும் தெரியும். எங்கள் சர்ச்சின் பாடகர் குழுத் தலைவருக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால், நான் ஊர் ஊராக ஹெட்போன் தேடி அலைகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டிருக்க மாட்டார்.

கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பது நான்தான். சம்பளம் கிடையாது. கிறிஸ்மஸுக்கு ஒரு சேலை வரும். அதன் நிறத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. தலைவருக்கு ஜவுளி வியாபாரம், ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். என்னைத் தங்கச்சி என்பார். கனத்த குரல். கீர்த்தனையில் பல்லவியைக் குழு முழுவதும் பாடுவோம், சரணங்களை அவர் ஒருவர்தான் பாடுவார். வேறு யாராவது ஒரு சரணம் பாடட்டுமே என்று ஒரு தடவை குருவானவர் சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சில வருஷங்களுக்கு முன் அவர் சர்ச்சுக்கு ஒரு மிக்ஸர் வாங்கிக் கொடுத்தார். தின்கிற மிக்ஸர் இல்லை. மைக், கீபோர்டு எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி, கூட்டிக் குறைத்து, ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி. அதை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூடவே ஒரு லேப்டாப்பும் வந்தது. அதில் கீர்த்தனைகளுக்கெல்லாம் சென்னையில் செய்து வாங்கிய ரெடிமேட் இசை இருந்தது. ட்ராக் என்பார்கள். குழல், வயலின், தபேலா எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

“அப்போ நான் என்ன அண்ணாச்சி பண்ண?” என்று கேட்டேன்.

“நீயும் வாசி தங்கச்சி. ரெண்டும் சேர்ந்து போகும். நிறைவா இருக்கும்லா.”

என் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தார். என் வாசிப்பு அதில் கணீரென்று கேட்டது. எனக்குப் பரம திருப்தி. பெரிய ஸ்பீக்கர்கள் எங்களுக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்கும். ட்ராக் இசை எங்கள் பக்கம் மழுங்கலாகத்தான் வரும், அதுவும் பின்சுவரில் மோதித் திரும்பி வரும். எனவே குழுவில் எல்லோரும் சுதி பிடிப்பது என் காலடி ஸ்பீக்கரை வைத்துத்தான். அண்ணாச்சியும் அப்படித்தான். சரணம் தொடங்குமுன் லேசாகத் தலையைச் சாய்ப்பார், நான் சுதியை அமுக்கிக் கொடுப்பேன், அவர் எடுப்பார்.

போன ஈஸ்டர் காலையில் ஆராதனைக்குச் சற்று முன்னால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு ஒத்திகை வாசித்தேன். பிள்ளைகளின் குரலுக்காகச் சுதியை அரைக்கட்டை ஏற்றி வைத்திருந்தேன். கீபோர்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால் விரல் வழக்கமான இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் அரைக்கட்டை மேலே போய்விடும். அதைத் திரும்ப இறக்க மறந்துபோனேன். கீபோர்டுக்காரர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. ஆனால் எனக்கு அது ஈஸ்டர் அன்று வந்து வாய்த்தது. முதல் பாட்டின் பல்லவி தொடங்கினதும் குழு தள்ளாடியது. எனக்கு வியர்த்து ஊற்றியது. என்ன தப்பு என்று தெரிந்து பொத்தானை இறக்குவதற்குள் பாதிப் பாட்டு போய்விட்டது.

ஆராதனை முடிந்ததும் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சி அதோடு விடவில்லை, குழு முழுவதையும் நிற்க வைத்தார்.

“சபை முழுக்கக் கேட்டுட்டு தங்கச்சி. எனக்குத் தலை காட்ட முடியலை. இவங்க எல்லார்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுரு.”

எல்லோரிடமும் கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன். அது போதாமல் அவர் மேலும் சொன்னார்: “கொஞ்ச நாளாவே உனக்குக் கை பிந்துது. இப்போ காதும் போயிட்டு. அசனம் வரைக்கும் வாசி, பாப்போம். தேறலைன்னா அதுக்குப் பொறவு நம்ம மருமகன் வந்து உக்காரட்டும்.”

அசனம் என்பது எங்கள் சர்ச்சின் பெரிய பண்டிகை. ஆராதனை முடிந்து சபை முழுவதும் ஒரே பந்தியில் சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடுகிற நாள். அண்ணாச்சியின் மருமகன் பெங்களூரில் இருந்து மாற்றலாகி வந்திருந்தார். அவருக்குக் கீபோர்டு தெரியும் என்று மாமனார் சொன்னார்.

ஊரில் பேச்சு ஓடிவிட்டது. பூ மார்க்கெட்டில் சபைக்காரி ஒருத்தி என்னை நிறுத்தி, “அன்னைக்கு நீங்க வாசிச்சது காதுல ஆணி அடிச்ச மாதிரி இருந்துதுக்கா” என்றாள். மல்லிகைப்பூவை வாங்காமலே வந்துவிட்டேன். எனக்கு அபசுருதி அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் காதுக்கு வந்தது. எனக்கு வேறு படிப்போ வேலையோ பெரிதாகக் கிடையாது. சுதி சுத்தமாக வாசிப்பாள் என்ற பெயர் ஒன்றுதான் இந்த ஊரில் நானாகச் சம்பாதித்தது. அதுவும் போயிற்று.

சரி, கை பிந்துகிறதென்றால் கையைச் சரி பண்ணுவோம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் பக்கத்துக் கட்டடம் விசைத்தறி ஷெட். பகல் முழுவதும் தறி ஓடும். கீபோர்டைச் சத்தம் கூட்டி வைத்தால் ப்ளஸ் டூ படிக்கிற மகள் கதவைச் சாத்துவாள். குறைத்து வைத்தால் தறி விழுங்கிவிடும். கை பிந்துகிறதா முந்துகிறதா என்று யார் கண்டது? அப்படித்தான் ஹெட்போன் யோசனை வந்தது.

முதலில் போனோடு வந்த சின்ன இயர்போனைச் சொருகிப் பார்த்தேன். அது காதில் நிற்கவே இல்லை. நின்ற நேரத்திலும் தறிச் சத்தத்துக்கு மேலே கொசு பாடினது போல்தான் இருந்தது. பிறகு கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வளைகுடாச் சாமான் விற்கிற கடை ஒன்றில் ஏறினேன். கடைக்கார பாய் பெரிய ப்ளூடூத் ஹெட்போன் ஒன்றை எடுத்து வைத்தார். ஒயர் கிடையாது. காதில் வைத்தால் மெத்தை போல் இருந்தது.

“பாட்டு கேக்க இதுக்கு மேல இல்லை லாத்தா... மன்னிச்சுக்கோங்க, வாய்ப்பழக்கம், அக்கா. கீபோர்டுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. நான் வித்ததெல்லாம் பாட்டு கேக்கிறவங்களுக்குத்தான்.”

மனுசன் உண்மையைத்தான் சொன்னார். நான்தான் மெத்தையில் மயங்கிவிட்டேன். கீபோர்டில் சொருகுகிற ஒரு சின்னக் கருவியையும் அவரிடமே வாங்கிக்கொண்டேன். அது கீபோர்டின் சத்தத்தைக் காற்றில் அனுப்பும், ஹெட்போன் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து போட்டு வாசித்தேன். கை பிந்தியது. நிஜமாகவே பிந்தியது. நான் அமுக்குகிறேன், ஒரு நொடி முழுக்க இல்லை, ஆனால் ஒரு மூச்சு தாமதித்துத்தான் சத்தம் வருகிறது. வேகமான பாட்டாக இருந்தால் கால் தடுக்கி விழுகிற மாதிரி இருக்கிறது. அண்ணாச்சி சொன்னது வாஸ்தவம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ நாள் அப்படியே வாசித்து வாசித்துப் பார்த்தேன். சத்தத்துக்கு முந்திக்கொண்டு அமுக்கக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடுமென்று அதற்கும் பழகினேன். அடுத்த ஞாயிறு அந்தப் பழக்கத்தோடு போய் உட்கார்ந்து, எல்லாப் பாட்டிலும் முந்திக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

ஒரு மத்தியானம் ஊரில் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றது. என் கீபோர்டு பேட்டரியில் ஓடியது. யாரோ வாசலில் கூப்பிட்டது போலிருக்க, ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, மற்றக் கையை எடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டது. பிளாஸ்டிக் கட்டை கீழே போய் இடிக்கிற ‘டொக்’ ஒரு காதில் முதலில் வருகிறது. இசை இன்னொரு காதில் பிறகு வருகிறது. விரலும் டொக்கும் ஒன்றாகத்தான் விழுகின்றன. பிந்துவது கை இல்லை, காற்றில் போய் வருகிற இந்தச் சனியன்தான். அதைக் கழற்றிக் கட்டிலில் வீசினேன். என் கையை ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என் கையிடமே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன், இசைக்கருவிகள் விற்கிற கடைக்கு. கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்ததும், “பையனுக்கா மேடம்? மியூசிக் பரீட்சையில என்ன கிரேடு பண்ணுதான்?” என்றார்.

“எனக்கு.”

“ஓ, பொழுதுபோக்குக்கா?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு இவர் கடையில் உள்ள எல்லாப் பெட்டியையும் திறக்க வைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அவர் ஒன்றை எடுத்துத் தன் போனில் சொருகி, குத்துப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். கல்யாண வீட்டு ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. “பேஸ் எப்படி மேடம்?” என்றார், அந்தக் கீழ்ச்சத்தத்தைத்தான். பாட்டை நிறுத்தச் சொன்னேன். காட்சிக்கு வைத்திருந்த கீபோர்டு ஒன்றைப் போடச் சொன்னேன். கீபோர்டின் துளை பெரிது, ஹெட்போன் பின் சின்னது. நடுவில் ஒரு பித்தளை மூடி வேண்டும். அதைத் தேடி அவர் உள்ளே போனார், நெடுநேரம் கழித்து வந்தார். நான் அசையவில்லை.

பியானோ சத்தத்தை வைத்து, ஆகக் கீழே உள்ள கட்டையை அமுக்கிப் பிடித்தேன். அது தேய்ந்து முடிகிற வரை கேட்டேன். பிறகு மேல்கோடி. பிறகு நடுவில் இரண்டு கையும். ஒவ்வொரு ஹெட்போனிலும் இதே வேலைதான். சிலவற்றில் கீழ்ச்சத்தம் ஊதிப் பெருத்து, இடது கை என்ன தப்புப் பண்ணினாலும் போர்வை போட்டு மூடிவிடும். கேட்க ராஜ சுகமாக இருக்கும். எனக்கு அந்தச் சுகம் வேண்டாம். என் தப்பை என் முன்னால் பிட்டுப் பிட்டு வைக்கிற சாமான் வேண்டும். ஒருவர் என்னைத் தப்புச் சொன்னால், அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரிய வேண்டும்.

ஒன்று மிகவும் பிடித்தது. காதை அடைக்காத வகை, பின்பக்கம் சல்லடை போல் ஓட்டை. போட்டிருப்பதே தெரியவில்லை, சத்தம் எதிரில் இருந்து வருவது போலிருந்தது. ஆனால் வாசலில் போன பஸ்ஸின் ஹார்னும் கூடவே வந்தது. கடைக்காரர், “நீங்க வாசிக்கது எனக்கும் கேக்கு மேடம்” என்றார். என் வீட்டில் இதைப் போட்டால் தறி உள்ளே வரும், நான் வாசிப்பது வெளியே போகும். இரண்டுமே கூடாது. மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் மூடின வகையில் ஒன்று, ஒயர் வைத்தது. அதற்கும் பாடு பட்டேன். மூக்குக்கண்ணாடியின் கால் அமுங்கியது. கம்மல் காது மடலில் குத்தியது. தலைக்கு மேலே போகிற பட்டை பூவை நசுக்கியது. இந்தச் சாமானைச் செய்தவர்கள் யாரும் பூ வைத்துக் கம்மல் போட்ட தலையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பூவை எடுத்துப் பைக்குள் போட்டேன், கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தேன். மறுபடி போட்டு ஒரு கீர்த்தனையை முழுவதும் வாசித்தேன். இடது கையில் மோதிர விரல் கொஞ்சம் சோம்பேறி என்பது தெரிந்தது. வேறு குற்றம் இல்லை. கவுண்டரில் பெட்டிகள் மலைபோல் கிடந்தன. “இதைக் கட்டுங்க” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு குளிர்ந்தது.

வீட்டில் தறி ஓட ஓட வாசித்தேன். தறி எங்கோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கையும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. என் வீட்டுக்காரர் வந்து தோளைத் தொட்டார், ஹெட்போனை எடுத்தேன். “ஏட்டி, எவ்வளவு நேரமா கூப்பிடுதேன். வெறுங்காதோட உக்காந்திருக்க, பாக்க நல்லாவா இருக்கு?” என்றார். கம்மல் குத்துதுங்க என்றேன்.

கை நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் சர்ச்சில் மட்டும் ஏன் பிந்துகிறது? அதையும் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். எங்கள் சர்ச் ஆராதனை ஒவ்வொன்றும் நேரலையாக நெட்டில் போகும், வீடியோ அங்கேயே கிடக்கும். சத்தம் மிக்ஸரிலிருந்து நேராகப் போகிறது, சபைக்கு எது கேட்கிறதோ அதுதான் வீடியோவிலும். ஹெட்போனைப் போனில் சொருகி, மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஈஸ்டர் வீடியோவையே போட்டேன்.

முன்னிசை சுத்தமாக வந்தது. பல்லவி வந்தது. என் அபசுருதி வரவில்லை.

தள்ளிப் பார்த்தேன், திரும்ப வைத்துப் பார்த்தேன். படத்தில் நான் வாசிக்கிறேன், முகம் வெளிறி, பொத்தானைத் தேடுகிறேன். குழு தடுமாறுவது கேட்கிறது. ட்ராக்கின் வயலின் கேட்கிறது, குழல் கேட்கிறது, அண்ணாச்சி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. என் கீபோர்டு மட்டும் இல்லை. ஒரு பொட்டு இல்லை. அதற்கு முந்தின வாரத்தைப் போட்டேன். இல்லை. கிறிஸ்மஸைப் போட்டேன். நான் ராப்பகலாகப் பழகி வாசித்த முன்னிசை ஒன்று அதில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ட்ராக்கின் குழல் ஊதிக்கொண்டிருந்தது. போனின் சொந்த ஸ்பீக்கரில் எத்தனையோ தடவை இதையெல்லாம் கேட்டிருக்கிறேன். எல்லாம் குழம்பிப்போய், நானும் அதற்குள் எங்கோ இருக்கிறேன் என்றே நம்பியிருக்கிறேன்.

மிக்ஸர் வந்த நாளிலிருந்தே என் சத்தத்தை அவர் மூடி வைத்திருக்கிறார். காலடி ஸ்பீக்கருக்கு மட்டும் திறந்து விட்டிருக்கிறார், நான் ஏமாறுவதற்காக. மேடையில் கீபோர்டும் ஆளும் இருந்தால்தான் வீடியோவுக்கு எடுப்பாக இருக்கும்.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். இப்போதும் சொல்கிறேன், பொறுத்திருப்பேன். ஆனால் ஈஸ்டர் அன்று சபையில் ஒரு ஆளுக்கும் என் தப்பு கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பூட்டினவர் அவர், சாவி அவர் பையில். தெரிந்துகொண்டே, சபை முழுக்கக் கேட்டது என்று சொல்லி, என்னை ஒவ்வொருவர் முன்னாலும் அழ வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார். கை பிந்துது என்றதும் மருமகனை உட்கார வைக்கத்தான். பூ மார்க்கெட்டில் காதில் ஆணி அடித்தது என்றாளே, அவளுக்கு ஆணி எங்கிருந்து வந்தது? குழுவிலிருந்து வந்த பேச்சுதான் அவள் காதில் ஏறி ஆணியாகிவிட்டது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்குச் சோறு வடிக்க மறந்து குழைந்துபோயிற்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதையே சாப்பிட்டார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீடியோவை அவர் காதிலும் மாட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, “விட்ரு. பெரிய மனுசனைப் பகைச்சா கடைக்கு ஆள் வராது. குருவானவர்ட்ட மெதுவாச் சொல்லலாம்” என்றார். குருவானவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் நடக்கும். பழியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். அவருக்கு உலகம் முழுக்க வேலை கிடக்கிறது. இந்த ஒன்றை நானே பார்த்துக்கொள்ளலாம்.

யோசிக்க யோசிக்க வழி அந்தக் காலடி ஸ்பீக்கரிலேயே இருந்தது. என் வாசிப்பு சபைக்குக் கேட்காது. ஆனால் அண்ணாச்சிக்குக் கேட்கும். அவர் சுதி பிடிப்பதே அதில்தான். என்னை ஏமாற்ற வைத்த பெட்டியில் அவர் தன் காதையும் அடகு வைத்திருந்தது அவருக்கே தெரியாது.

அசனத்துக்கு எடுத்திருந்த கீர்த்தனை எனக்குத் தெரியும். போனில் அதன் ட்ராக் இருந்த பழைய வீடியோவைப் போட்டு, போனைக் கீபோர்டோடு ஒயரில் சேர்த்துவிட்டேன். ட்ராக்கும் என் வாசிப்பும் ஒன்றாக ஹெட்போனில் வந்தன. பல்லவிக்குச் சரியான சுதி. சரணம் வருமுன் பொத்தானை ஒரு அமுக்கு, அரைக்கட்டை ஏற்று. சரணம் முடிந்ததும் இறக்கு. திரும்பப் பல்லவி, சுத்தம். சொல்ல எளிது. அரைக்கட்டை விலகிய இரண்டு இசை ஒரே மண்டைக்குள் ஓடினால் பல் கூசும், கை தானாக நின்றுவிடும். நிற்காமல் வாசிக்க வேண்டும், முகத்திலும் தெரியக் கூடாது. வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகவில்லை. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “என்னம்மா, நீயா சிரிக்க?” என்று ஒரு தடவை கேட்டாள். பாட்டு நல்லாருக்குட்டி என்றேன்.

அசனத்தன்று சர்ச் நிரம்பி, வெளியே பந்தலிலும் ஆட்கள். பெரிய விருந்தாளிகள் முன்வரிசையில். கறி வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி புது வேட்டி சட்டையில் இருந்தார். மருமகன் குழுவின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு என் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லவி அழகாகப் போயிற்று. அண்ணாச்சி தலையைச் சாய்த்தார். நான் பொத்தானை அமுக்கி, சுதியைக் கொடுத்தேன்.

அவர் எடுத்தார். முழுக் குரலில், நெஞ்சை நிமிர்த்தி, அரைக்கட்டை மேலே எடுத்தார். பெரிய ஸ்பீக்கரில் ட்ராக் தன் பாட்டுக்குச் சுத்தமாக ஓட, அதன் மேல் அவர் குரல் எண்ணெயும் தண்ணீருமாக நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். அண்ணாச்சிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். பின்சுவரிலிருந்து வரும் சத்தத்தைப் பிடிக்க இறங்கினார். என் ஸ்பீக்கர் திரும்ப இழுத்தது, ஏறினார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். கழுத்து நரம்பு புடைத்தது. பந்தலில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். சரணம் முடிந்தது, நான் பொத்தானை இறக்கினேன், பல்லவியில் குழு முழுவதும் பளிங்கு போல் பாடியது. இரண்டாம் சரணத்துக்கு அவர் தலையைச் சாய்த்தபோது கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அப்போதும் அதையே கொடுத்தேன். இரக்கம் வருமோ என்று நினைத்துப் பயந்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு மூன்றாம் சரணத்தை அவர் பாடவில்லை. கையைக் காட்டி, எல்லோரையும் பாடச் சொல்லிவிட்டார். அதற்கு நான் பொத்தானைத் தொடவில்லை.

பந்தியில் இலை போடுகிற நேரம் அதுவே பேச்சு. “அண்ணாச்சிக்கு வயசாயிட்டு போல.” “மியூசிக் என்னமோ சுத்தமாத்தான் இருந்துது, இவருதான் எங்கயோ போயிட்டாரு.” பூ மார்க்கெட்டுக்காரி என் பக்கத்திலேயே உட்கார்ந்து, “நல்லவேளை, நீங்க சரியா வாசிச்சதாலதான் பாட்டு தப்பிச்சுதுக்கா” என்றாள். அவளுக்கு அன்றும் ஒன்றும் கேட்டிருக்காது. கறியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் அண்ணாச்சி வந்து நின்றார். குழுவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்.

“தங்கச்சி, நீ இன்னைக்கு என்ன கட்டையில வாசிச்ச?”

“ஏன் அண்ணாச்சி, தப்பாவா கேட்டுது?”

“தப்பாவா? வேணும்னே பண்ணிருக்க நீ.”

“அப்படின்னா சபையில போய்க் கேப்போம் வாங்க. என் வாசிப்பு தப்பாக் கேட்டுதுன்னு ஒரு ஆள் சொல்லட்டும். இங்கன நிக்க எல்லார் கால்லயும் விழுதேன்.”

அவர் வாயைத் திறந்தார். என் வாசிப்பு யாருக்கும் கேட்காது என்று சொன்னால்தான் அவர் தப்பிக்க முடியும். அதைச் சொன்னால் ஈஸ்டர் அன்று அவர் சொன்னது என்ன ஆகும்? அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, சாவி இருக்கிற பைக்கு. குழுவில் காது உள்ளவர்களுக்கு அன்று சரணத்தில் நான் செய்தது தெரியாமல் இருந்திருக்காது. எனக்குப் பின்னால் நின்று பாடுகிறவர்கள்தானே. எல்லோரும் குழாயைத் திறந்து கை கழுவுவதிலேயே குறியாக இருந்தார்கள். அவர்களுக்கும் அவரிடம் தீர்க்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்திருக்கும்.

“ஈஸ்டர் வீடியோ நெட்டுலதான் கிடக்கு அண்ணாச்சி. நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்க. வேணும்னா என்கிட்ட இருக்கு, தாரேன்” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அடுத்த ஞாயிறு நான் போவதற்கு முன்பே மரப்பெட்டி திறந்து கிடந்தது. உட்கார்ந்து ஒரு கட்டையை அமுக்கினேன். சர்ச்சின் கடைசிச் சுவர் வரை போய் வந்தது. மருமகனைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை. சபைக்கு இப்போது என் வாசிப்புத்தான் கேட்கிறது. லேப்டாப் மூடியபடி இருக்கிறது.

சரணங்களை இன்றும் அண்ணாச்சிதான் பாடுகிறார். ஆனால் தலையைச் சாய்ப்பதில்லை. முழுவதுமாகத் திரும்பி என் கையைப் பார்க்கிறார், பிறகு முகத்தைப் பார்க்கிறார். நான் சரியான சுதியைத்தான் கொடுக்கிறேன். அசனத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட மாற்றிக் கொடுத்ததில்லை. அவர் நம்புவதில்லை. அந்தக் கனத்த குரல் முதல் சொல்லைப் பயந்து பயந்து, தண்ணீரில் கால் வைத்துப் பார்க்கிற மாதிரித்தான் எடுக்கிறது. இனி அப்படிச் செய்யமாட்டேன் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், மனுசனுக்கு நிம்மதி வந்துவிடும். நான் சொல்வதாக இல்லை.